டாக்டர் டூமுக்கு ஏன் இவ்ளோ பில்டப், தானோஸ விட பெரிய ஆளா?

தம்பி கேட்டது இதுதான்: "அவெஞ்சர்ஸ் டூம்ஸ்டேக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறாங்க, எண்ட்கேம் வில்லன் தானோஸயே பாத்தாச்சு, அதுக்கு மேல இந்த டாக்டர் டூம் என்ன பெரிய வில்லன், அயர்ன் மேனா பாத்து அழுத டவுனியையே வில்லனா எப்படி ஒத்துக்கறது, படத்துக்கு முன்னாடி ஏதாச்சும் படிக்கணுமா, தமிழ்ல பாக்கலாமா இங்கிலீஷ்ல பாக்கலாமா?" ஒரே மூச்சுல அஞ்சு கேள்வி. எனக்கு இது பிடிச்ச சப்ஜெக்ட், அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். டூம்கிட்ட இருக்கற பவர வெச்சு அவன் பெரிய வில்லன் ஆகல. சக்தி கல்லு வெச்சிருக்கறவன், கிரகத்த முழுங்கறவன்னு மார்வெல்ல அவன விட பலசாலி நிறைய பேரு இருக்கான். டூம்கிட்ட இருக்கறது ஒரு மாஸ்க், ஒரு நாடு, அப்புறம் ஒரு வயித்தெரிச்சல். இந்த மூணுல மாஸ்க்க மட்டும் படத்துல சரியா பண்ணிட்டாங்கன்னா மத்ததெல்லாம் தானா வந்துரும், அதுல சொதப்புனா எத்தன ஹீரோவ கூட்டி வந்து நிறுத்தினாலும் தேறாது. என் பயம் எதிர்பார்ப்பு ரெண்டுமே அந்த மாஸ்க் மேலதான்.

இவன் இந்த இடத்துக்கு வந்ததே ஒரு விபத்து மாதிரிதான். பழைய பிளான்ல அடுத்த பெரிய வில்லன் காங். படத்துக்கு பேரே அவெஞ்சர்ஸ் காங் டைனஸ்டின்னு அறிவிச்சிருந்தாங்க. 2023 பிப்ரவரில வந்த ஆன்ட்-மேன் குவான்டமேனியாவுல காங்க பெரிய ஆளா காட்டணும்னு பாத்தாங்க, ஆனா முதல் படத்துலயே எறும்பு கூட்டத்துகிட்ட அடி வாங்கிட்டுப் போனவன சில வருஷம் கழிச்சு உலகத்தயே அழிக்க வரான்னு சொன்னா யாரு பயப்படுவா? அப்புறம் அந்த டிசம்பர்ல காங்கா நடிச்ச ஜோனதன் மேஜர்ஸ் மேல இருந்த வழக்குல தீர்ப்பு வந்துச்சு, அன்னைக்கே மார்வெல் அவர விலக்கிருச்சு. அதே வருஷம் தி மார்வெல்ஸ் படமும் மண்ண கவ்விருச்சு. எண்ட்கேம்ல 279 கோடி டாலர் வசூல் பண்ண கம்பெனிக்கு இது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

அடுத்து 2024 ஜூலை 27, சான் டியாகோ காமிக்-கான்னு ரசிகர்கள் கூடற திருவிழா, ஹால் எச் அரங்கம். பச்சை அங்கி போட்டு மாஸ்க் மாட்டுன ஒரு கூட்டமே மேடைல நிக்குது, நடுவுல இருந்தவர் மாஸ்க்க கழட்டறாரு, பாத்தா அயர்ன் மேனா நடிச்ச ராபர்ட் டவுனி ஜூனியர், அவர்தான் டூம். மாஸ்க் தான் புதுசு வேலை அதேதான்ங்கற மாதிரி ஒரு வரி சொன்னாரு, அரங்கமே கிழிஞ்சுது. நான் அத ராத்திரி போன்ல பாத்துட்டு முதல்ல சிரிச்சேன், அப்புறம் ஒரு மாதிரி வயித்த கலக்குச்சு. ஏன்னு கடைசில சொல்றேன். 2025 மார்ச்ல இன்னொரு கூத்து, நடிகர்கள் பேரு போட்ட நாற்காலி ஒண்ணொண்ணா காட்டி அஞ்சு மணி நேரத்துக்கு மேல லைவ் ஓட்டுனாங்க, நாற்காலி முதுக பாக்கறதுக்கு உலகம் பூரா உக்காந்திருந்தோம், நானும்தான், வெக்கமா இல்ல. கடைசி நாற்காலில டவுனியே வந்து உக்காந்தாரு. முதல்ல 2026 மே 1ன்னு சொன்ன படம் டிசம்பர் 18க்கு தள்ளிப்போச்சு, அதுக்கு அடுத்த சீக்ரெட் வார்ஸ் 2027 டிசம்பர் 17.

இவ்ளோ பெரிய வில்லன ஏன் இத்தன வருஷம் மார்வெல் தொடவே இல்லன்னு கேட்டா, அவங்க கைல அவன் இல்ல. ஃபென்டாஸ்டிக் ஃபோர்னு நாலு பேர் ஹீரோ டீம் (ரீட் ரிச்சர்ட்ஸ், அவன் பொண்டாட்டி சூ ஸ்டார்ம், அவ தம்பி ஜானி, நண்பன் பென் கிரிம்), அவங்க பட உரிமை ஃபாக்ஸ் ஸ்டுடியோகிட்ட மாட்டியிருந்துச்சு, டூமும் அந்தக் கணக்குலதான். 2019 மார்ச்ல டிஸ்னி ஃபாக்ஸ வாங்குன அப்புறம்தான் வீட்டு சாவி கைக்கு வந்துச்சு.

இப்ப டூம் யாருன்னு பாப்போம். 1962ல ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸோட 5வது இதழ், ஸ்டான் லீ எழுதி ஜாக் கிர்பி வரைஞ்சது. உண்மைய சொல்லணும்னா அந்த முதல் கதை செம காமெடி. உலகத்தயே ஆளப் போற மகா வில்லன் முதல் வேலையா என்ன பண்றான்? சூ ஸ்டார்ம பணயமா பிடிச்சு வெச்சுக்கிட்டு மத்த மூணு பேர டைம் மெஷின்ல அனுப்பி கடற்கொள்ளைக்காரன் பிளாக்பியர்டோட புதையல் பெட்டிய எடுத்துட்டு வரச் சொல்றான். போன எடத்துல தாடி ஒட்டிக்கிட்ட பென் கிரிம்தான் பிளாக்பியர்டே ஆயிடறான். இதுதான் அறிமுகம். அதுல இருக்கறது இரும்பு மாஸ்க், பச்சை அங்கி, திமிரு, அவ்ளோதான், ஆள் இன்னும் உள்ள வரல.

ஆள் உள்ள வந்தது 1964ல, ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஆன்யுவல் 2ங்கற வருஷ சிறப்பிதழ்ல. அதுல 12 பக்கத்துல டூமோட முன்கதை சொன்னாங்க, என்னய கேட்டா வில்லன் ஃப்ளாஷ்பேக்குன்னு இன்னைக்கு எல்லா படத்துலயும் வெக்கறாங்களே அதெல்லாம் இந்த 12 பக்கத்துக்கு பேரன் பேத்திங்க. லாட்வீரியான்னு கிழக்கு ஐரோப்பாவுல ஒரு கற்பனை குட்டி நாடு. அங்க ரோமானி ஜனங்கள்ல ஒரு வைத்தியர், வெர்னர், அவர் மகன் விக்டர். ஊர் பிரபுவோட பொண்டாட்டி சாகக் கிடக்கறா, காப்பாத்துன்னு இவர இழுத்துட்டுப் போறாங்க, காப்பாத்த முடியாத கேஸு. பழி நம்ம மேலதான் வரும்னு தெரிஞ்சு மகன தூக்கிட்டு பனில ஓடறாரு. ஓடற வழில தன் மேல இருந்த துணியெல்லாம் எடுத்து பையனுக்கு சுத்தி விட்டுட்டு விறைச்சுப் போயி, தேடி வந்து மீட்டவங்க கையிலயே சாகறாரு. சாகும்போது நண்பர் போரிஸ்கிட்ட "காப்பாத்து... காப்பாத்து..."ன்னு மட்டும் சொல்றாரு. பையன காப்பாத்தச் சொல்றாருன்னுதான் நாமளும் நினைப்போம், போரிஸும் நினைக்கறாரு. அந்தப் பையன் அப்பாவ புதைச்ச கையோட உலகத்தயே பழி வாங்குவேன்னு நிக்கறத பாத்த அப்புறம்தான் போரிஸுக்கு உறைக்குது, செத்தவர் கேட்டது மகன காப்பாத்தச் சொல்லி இல்ல, மகன்கிட்ட இருந்து உலகத்த காப்பாத்தச் சொல்லி. நான் இத காலேஜ் படிக்கறப்ப பிளாட்பாரத்துல வாங்குன ஒரு கிழிஞ்ச ரீபிரிண்ட்ல படிச்சேன், அட்டை இல்ல, முதல் ரெண்டு பக்கம் இல்ல, ஆனா அந்தப் பக்கம் இருந்துச்சு.

அம்மா சூனியக்காரி, அவ ஆத்மா நரகத்துல மெஃபிஸ்டோங்கற சாத்தான்கிட்ட மாட்டியிருக்கு. விக்டர் வளந்து ஸ்காலர்ஷிப்ல அமெரிக்கா போறான், காலேஜ்ல ரீட் ரிச்சர்ட்ஸ் பழக்கம் ஆகறான். விக்டர் ரூம்ல இன்னொரு உலகத்தோட பேசறதுக்கு ஒரு மெஷின் கட்டறான். ரீட் எதேச்சையா அந்தக் கணக்கு எழுதுன பேப்பர பாத்துட்டு, இதுல ரெண்டு மூணு எடத்துல தப்பு இருக்கு பாத்துக்கன்னு சொல்றான். விக்டருக்கு வந்துச்சே கோவம், என் கணக்குல தப்பா, வெளிய போ. மெஷின் வெடிச்சுது, மூஞ்சி போச்சு, காலேஜ்ல இருந்தும் துரத்துனாங்க. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் டூம் சொல்றது ஒண்ணே ஒண்ணு, ரீட்தான் மெஷின்ல கை வெச்சு கெடுத்தான்னு. 60 வருஷத்துக்கு மேல ஆச்சு. தான் கணக்குல தப்பு விட்டேன்னு ஒரே ஒரு தடவ ஒத்துக்கிட்டிருந்தா இந்தக் கதையே கிடையாது. அந்த வயித்தெரிச்சல் இதுதான்.

அடுத்த சீன்தான் நான் சொன்ன மாஸ்க். திபெத் மலைல துறவிங்க கூட்டத்துல போயி சேர்றான், அவங்க வித்தையெல்லாம் கத்துக்கறான், அவங்களுக்கே தலைவனும் ஆகறான். அவங்கதான் அவனுக்கு அந்தக் கவசத்த அடிச்சுத் தர்றாங்க. கடைசியா மாஸ்க் வருது, உலைல இருந்து எடுத்தது, இன்னும் முழுசா ஆறல, கொஞ்சம் பொறுக்கச் சொல்றாங்க. பொறுக்க மாட்டேங்கறான். சூடா இருக்கறத அப்படியே மூஞ்சில வெச்சு மாட்டச் சொல்றான். அவ்ளோதான் சீன், ரெண்டு மூணு கட்டம்தான் இருக்கும், கிர்பி மூஞ்சிய காட்டவே மாட்டாரு, முதுகையும் துறவிங்க கையையும்தான் காட்டுவாரு.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. அந்த வெடிவிபத்துல மூஞ்சி எவ்ளோ கெட்டுச்சுன்னு ஃபேன்ஸ்குள்ள பெரிய சண்டையே உண்டு. கிர்பி தன் நினைப்புல வெச்சிருந்தது ஒரே ஒரு சின்ன தழும்புதான். மத்த யாரா இருந்தாலும் கண்ணாடில பாத்துட்டு வேலைய பாக்கப் போயிருப்பான், இவனுக்கு எல்லாமே குறையில்லாம இருக்கணும், அந்தச் சின்ன கோடு பொறுக்கல. 1985ல ஜான் பைர்ன் அதையே எடுத்து கதையா வரைஞ்சாரு, வெடிச்சப்ப விழுந்தது சின்ன கோடு, சூடு ஆறாத மாஸ்க்க மாட்டுனதுலதான் மூஞ்சி உண்மையா வெந்து போச்சுன்னு. அதாவது அவன் மூஞ்சிய கெடுத்தது ரீடும் இல்ல மெஷினும் இல்ல, அவனேதான். இத நினைச்சு நினைச்சு பாத்திருக்கேன், இத விட சுருக்கமா ஒரு மனுஷனோட திமிர சொல்ல முடியாது.

நாடு விஷயத்துக்கு வருவோம். டூம் ஒரு தேசத்தோட ராஜா. மத்த வில்லனெல்லாம் மறைவிடம், குகை, விண்கலம்னு கிடப்பான், இவன் அமெரிக்காவுக்கு வந்து அட்டகாசம் பண்ணிட்டு எம்பஸிக்குள்ள போயி உக்காந்துக்குவான், தூதரக பாதுகாப்பு, ரீடால ஒண்ணும் கிழிக்க முடியாது. லாட்வீரியாவுல பசி கிடையாது திருட்டு கிடையாது, டூம எதிர்த்து பேசறதும் கிடையாது. நம்ம ஆளுங்களுக்கு இது உடனே புரியும், பத்து தலை, வீணை, சாம வேதம், சிவ பக்தி, தங்கத்துல ஊரு, குடிமக்கள் நல்லாத்தான் இருந்தாங்க, எல்லாம் இருந்தும் ஒருத்தன் முன்னாடி மட்டும் தணிஞ்சு போக மனசு வரல. இலங்கேஸ்வரனுக்கு சீதை, இவனுக்கு அந்தக் கணக்குப் பேப்பர்.

உலகம் இவன் கைக்கு கிடைச்சா என்ன ஆகும்னும் ஒரு கதை இருக்கு, 1987ல வந்த எம்பரர் டூம். அடுத்தவங்க மனசையே கட்டுப்படுத்தற பர்ப்பிள் மேன் சக்திய பயன்படுத்தி மொத்த உலகத்தயும் கீழ்ப்படிய வெச்சுடறான். சண்டை நின்னுருது, பஞ்சம் குறையுது, தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஒழியுது. உண்மையாவே நல்லா ஆள்றான்! ஆனா என்ன ஆகுதுன்னா, காலைல எந்திரிச்சா ஃபைலு, சாயங்காலம் ஃபைலு, இந்த ஊருக்கு எவ்ளோ அரிசி அந்த ஊருக்கு எவ்ளோ எண்ணெய்னு கணக்கு, தலைவருக்கு செம போர் அடிக்குது. கடைசில அவெஞ்சர்ஸ் வர்றப்ப தடுக்க முடிஞ்சும் விட்டுடறான். ஜெயிக்கறதுதான் அவனுக்கு வேணும், ஜெயிச்சதுக்கு அப்புறம் கவர்மெண்ட் ஆபீஸ் வேலை பாக்கறது இல்ல.

சரி தானோஸா டூமா. சினிமா தானோஸ மட்டும் பாத்தவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், காமிக்ஸ்ல ஜிம் ஸ்டார்லின் 1973ல உருவாக்குன தானோஸ் ஜனத்தொகை வளம்னெல்லாம் பெருசா பேச மாட்டான், மரணங்கற தேவதை மேல காதல், அவள அசத்தறதுக்காக பாதி உயிர கொல்றான். சினிமாக்காரங்க அத மாத்தி ஒரு கொள்கை குடுத்தாங்க, நல்ல மாத்தம்தான், ஒத்துக்கறேன். ஆனா பாருங்க, தானோஸ் வேலை முடிஞ்சதும் தோட்டத்துல போயி உக்காந்துட்டான். டூமால உக்கார முடியாது. ரீட் ரிச்சர்ட்ஸ் எங்கயோ உயிரோட இருக்கான்னு தெரிஞ்சா தூக்கம் வராது.

நேரா மோதுனா யாருங்கறதுக்கு பதில் 2015 சீக்ரெட் வார்ஸ்ல இருக்கு, ஜோனதன் ஹிக்மன் எழுதி எசாட் ரிபிச் வரைஞ்சது. பிரபஞ்சம் பூரா ஒண்ணோட ஒண்ணு மோதி அழியுது, டூம் கடவுளாகி மிச்சமிருந்த துண்டு துண்டு உலகத்த ஒட்டுப்போட்டு பேட்டில்வேர்ல்டுன்னு ஒண்ண படைக்கறான். அங்க தானோஸ் வந்து சவால் விடறான். டூம் ரொம்ப நேரம் பேசல, தானோஸோட எலும்புக்கூட்டயே உடம்புல இருந்து உருவி எடுத்துடறான். முடிஞ்சுது. அதனால பவர் கணக்கு வேணும்னா இந்தாங்க.

ஆனா அந்தக் கதைல என்னய உலுக்குன சீன் அது இல்ல. கடவுளான டூம் அந்த உலகத்துல ரீடோட குடும்பத்த தன் குடும்பமா ஆக்கி வெச்சிருக்கான், சூ அவன் பொண்டாட்டி, அவ பசங்க இவன் பசங்க. ஜானி ஸ்டார்ம வானத்துல சூரியனா மாட்டிட்டான், பென் கிரிம்ம உலகத்துக்கு காவல் சுவரா நிக்க வெச்சிருக்கான். மாஸ்க் மட்டும் அப்படியே இருக்கு. வானத்துல சூரியன மாட்டுனவன் தன் மூஞ்சிய மட்டும் சரி பண்ணிக்கல. சூ முன்னாடி மாஸ்க்க கழட்டற பக்கம் ஒண்ணு வரும், அதுல கோவமே இல்ல, அசிங்கமா இருக்கேன்ல அப்படிங்கற ஒரு சின்னப் பையன் பயம்தான். கடைசில ரீட் வந்து நேருக்கு நேர் நிக்கறான், இந்தச் சக்தி உன்கிட்ட இருந்திருந்தா என்ன விட நல்லா பண்ணியிருப்பன்னு டூம் வாயாலயே வருது, அந்த ஒத்துக்கறதோட கடவுள் வேலை காலி. அதே மாதிரி 1984 சீக்ரெட் வார்ஸ்லயும், அது மேட்டல் கம்பெனி பொம்மை விக்கறதுக்காக வந்த கதைதான், ஆனாலும் சொல்றேன், அதுல பியாண்டர்ங்கற மகா சக்தி உள்ளவனோட சக்திய திருடி மூஞ்சி எல்லாம் சரியாகி உக்காந்தவன், மனசுக்குள்ள புகுந்த சந்தேகத்தாலயே தோத்தான். ரெண்டு தடவ கடவுளானான், ரெண்டு தடவயும் வெளிய இருந்து யாரும் பெருசா அடிக்கல.

இதெல்லாம் கேட்டுட்டு ஐயோ பாவம் நல்லவன்யா இவன்னு போயிடாதீங்க. ஃபேன்ஸ்ல ஒரு கோஷ்டி அப்படித்தான் பேசும், டூம் சொல்றது சரிதானேன்னு. அவங்களுக்கு 2003ல மார்க் வெய்டும் மைக் வீரிங்கோவும் பண்ண அன்திங்கபிள் கதைய குடுங்க. சின்ன வயசு காதலி வலேரியாவ தேடிப் போயி பாசமா பேசறான், அவளும் நம்பி காதல சொல்றா, அந்த நிமிஷமே அவள பேய்களுக்கு பலி குடுத்துட்டு பதிலுக்கு மந்திர சக்தி வாங்கறான், புது கவசம் அவ தோல்ல செஞ்சது. படிச்சப்ப புத்தகத்த மூடி வெச்சுட்டு வெளிய போயி நின்னேன். இத்தனைக்கும் இதே ஆள்தான் அதுக்கு கொஞ்சம் முன்னாடி சூவோட பிரசவத்துல தாயையும் குழந்தையையும் காப்பாத்தி அந்தக் குழந்தைக்கு வலேரியான்னு பேரு வெச்சவன். 1969ல வந்த ஒரு கதைல ஃபென்டாஸ்டிக் ஃபோர கொல்லப் போன தன் ஆளையே டூம் கொன்னுடுவான், ஏன்னா அவன் நெருப்பு துப்பாக்கிய தூக்குன எடத்துல விலைமதிப்பில்லாத ஓவியங்கள் மாட்டியிருந்துச்சு. பெரிய மனுஷத்தனமும் ஈவிரக்கம் இல்லாததும் ஒரே உடம்புல இருக்கு, ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ண மட்டும் காட்டுனா அது டூம் இல்ல.

இதுக்கு நடுவுல அவன் கஞ்சத்தனமும் உண்டு, 1973ல லூக் கேஜ்னு ஒரு ஹீரோவ கூலிக்கு வேலை வாங்கிட்டு 200 டாலர் தராம ஊருக்குப் போயிட்டான், லூக் கேஜ் அந்த 200 டாலருக்காக லாட்வீரியா வரைக்கும் போயி அடிச்சு வாங்கிட்டு வந்தான். படத்துல இத வெச்சா விசில் நான் அடிக்கறேன்.

சினிமாவுல இவன இதுக்கு முன்னாடி எப்படி கெடுத்தாங்கன்னும் தெரிஞ்சுக்கணும். 1994ல ரிலீஸ் பண்ற மாதிரி கம்மி செலவுல ஒண்ணு எடுத்தாங்க, உரிமை கைவிட்டுப் போயிடக் கூடாதேன்னு அவசரத்துல எடுத்தது, தியேட்டருக்கே வரல. வேடிக்கை என்னன்னா அதுல ஜோசஃப் கல்ப் பண்ண டூம்தான் காமிக்ஸ் டூமுக்கு கிட்ட இருந்தான், மாஸ்க்கு, அங்கி, கைய ஆட்டி ஆட்டி பேசற நாடகத்தனம் எல்லாம் உண்டு. 2005லயும் 2007லயும் ஜூலியன் மக்மஹன், மனுஷன் 2025 ஜூலைல காலமாயிட்டாரு. அவர் மேல தப்பே இல்ல, நல்லாவே பண்ணாரு, ஆனா டூம கோட்டு போட்ட பிசினஸ்மேன் ஆக்கி, உடம்பே உலோகமா மாறி கைல கரண்ட் விடற ஆளா பண்ணிட்டாங்க. நாடும் இல்ல சூனியமும் இல்ல. 2015ல அத விட மோசம், கவசமே உடம்போட உருகி ஒட்டிப்போச்சுன்னு காட்டுனாங்க. கவசம் அவன் தானா மாட்டிக்கிட்டதுங்கறதுதானே கதையே! விபத்துல ஒட்டிக்கிச்சுன்னா அவன் பாவப்பட்ட நோயாளி ஆயிடறான்.

இப்ப டவுனி. என் வயித்தக் கலக்கல் இதுதான்: இவ்ளோ காசு குடுத்து உலகத்துலயே அதிகம் பேருக்கு தெரிஞ்ச மூஞ்சிய கூட்டிட்டு வந்துட்டு, அத இரும்புக்குள்ள மூடி வெக்க எந்த தயாரிப்பாளருக்கு மனசு வரும்? மாஸ்க்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ கழட்டுவாங்களோ, உள்ள பாத்தா அயர்ன் மேன் டோனி ஸ்டார்க், வேற பிரபஞ்சத்து டோனின்னு சொல்லி ஸ்பைடர்மேன் அழுவானோ. இந்த வேற பிரபஞ்சத்து டோனி தியரிதான் பாதி பேர் பேசிக்கிட்டிருக்கறது. அப்படி பண்ணா அந்த ஒரு சீனுக்கு தியேட்டர் கிழியும், ஒத்துக்கறேன், ஆனா விக்டர் வான் டூம்னு ஒருத்தன் அதோட காலி, பனில விறைச்ச அப்பா காலி, கணக்குப் பேப்பர் காலி. ரோமானி வைத்தியர் மகனோட கதைய எடுத்து பணக்கார வீட்டு டோனிக்கு குடுத்த மாதிரி ஆயிடும். காமிக்ஸ்ல தலைகீழா ஒண்ணு நடந்திருக்கு, 2016ல இன்ஃபேமஸ் அயர்ன் மேன்னு, டோனி இல்லாதப்ப டூம் அந்த கவசத்த மாட்டி நல்லவனா இருக்க முயற்சி பண்ணுவான், ஆனா அங்க அவன் டூமாவேதான் இருந்தான், டோனியா மாறல.

நம்பிக்கை குடுக்கற ஒரு விஷயம், 2025 ஜூலைல வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ். உலக நாடுங்க கூடற சீன்ல லாட்வீரியா நாற்காலி மட்டும் காலியா கிடக்கும், கவனிச்சீங்களா? கடைசில பெயர் ஓடறப்ப வர்ற சீன்ல சூ குழந்தைக்கு படிக்க இன்னொரு புத்தகம் எடுக்கப் போயிட்டு திரும்புவா, பச்சை அங்கி போட்ட ஒருத்தன் அந்தக் குழந்தை ஃபிராங்க்ளின் முன்னாடி மண்டி போட்டிருப்பான், மாஸ்க் கைல, மூஞ்சி நமக்கு தெரியாது, குழந்தை மட்டும் பாக்கும், கை நீட்டி தொடும். வசனம் கிடையாது. மூஞ்சிய காட்டாமலே காட்டற அந்த ஒரு ஐடியா 1964 ஆன்யுவல்ல கிர்பி பண்ணதுதான், யாரோ ஒழுங்கா படிச்சிருக்காங்க. இதே புத்தி டூம்ஸ்டேய எடுக்கற ரூசோ பிரதர்ஸுக்கும் இருந்தா தப்பிச்சோம்.

போட்டி கம்பெனி டிசி பக்கம் ரெண்டு வரி சொல்லிடறேன், இல்லன்னா அந்தக் கூட்டம் சண்டைக்கு வரும். 2027 ஜூலை 9க்கு மேன் ஆஃப் டுமாரோன்னு சூப்பர்மேன் படம் அறிவிச்சிருக்காங்க, அதுல வில்லன் பிரெய்னியாக். 1958ல அறிமுகமானவன், ஊர் ஊரா சுருக்கி பாட்டில்ல அடைச்சு கலெக்‌ஷன் வெக்கறவன், நிக்கோலஸ் ஹோல்ட்டோட லெக்ஸ் லூதர் வேற கூட இருக்காரு. எனக்கு அதுவும் எதிர்பார்ப்புதான், ஆனா இன்னைக்கு கேள்வி டூம்.

படிக்கறது பத்தி. எல்லாரும் முதல்ல 2015 சீக்ரெட் வார்ஸத்தான் கைல எடுக்கறாங்க, எடுக்காதீங்க, ஹிக்மன் அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா எழுதுன ஃபென்டாஸ்டிக் ஃபோர், அவெஞ்சர்ஸ் கதையெல்லாம் முடியற எடம் அது, நேரா போனா கல்யாண வீட்டுல பந்தி முடியறப்ப போன மாதிரி இருக்கும். முதல்ல அந்த 1964 ஆன்யுவல் 12 பக்கம், அரை மணி நேரம் கூட ஆகாது. அப்புறம் 1989ல ரோஜர் ஸ்டெர்ன் எழுதி மைக் மிக்னோலா வரைஞ்ச டிரையம்ஃப் அண்ட் டார்மெண்ட், அதுல டூம் அம்மாவோட ஆத்மாவ மீட்க டாக்டர் ஸ்ட்ரேஞ்ச கூட்டிட்டு நரகத்துக்கே போறான். மீட்டுடறான், ஆனா அதுக்கு குடுத்த விலை அம்மாவே இவன வெறுத்துட்டு போறது. ஒரே புத்தகம் படிக்க நேரம்னா இது ஒண்ணு போதும். 2015 அதுக்கு அப்புறம்.

காமிக்ஸே இங்கிலீஷ்ல படிச்சது இல்லையே அண்ணேன்னு தயங்காதீங்க, நம்ம ஊர்ல வில்லன ஹீரோவா படிச்சு வளந்த கூட்டம்தானே நாம. சிவகாசில இருந்து 1972ல முத்து காமிக்ஸ்ல வந்த இரும்புக்கை மாயாவி, டூம் பொறந்த அதே 1962ல இங்கிலாந்துல பொறந்தவன், ஒரிஜினல்ல முதல் கதைல லேப் விபத்துக்கு அப்புறம் புத்தி கெட்டுப்போன வில்லனாத்தான் வந்தான், திருந்துனது அப்புறம். லயன் காமிக்ஸ்ல வந்த ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்ல, வேற ஆள்) இன்னும் மேல, குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆகப் போறேன்னு கிளம்புனவன், அவன் கதைகள்ல நிறைய எழுதுனது சூப்பர்மேன படைச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜெர்ரி சீகல். எங்க மாமா வீட்டு பரண்ல அந்த கூர் காது மூஞ்சிய பாத்து பயந்துக்கிட்டே படிச்சவனுக்கு டூம் ஒண்ணும் அந்நியம் இல்ல.

கடைசி கேள்வி தமிழா இங்கிலீஷா. எண்ட்கேம் தமிழ்ல அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் குடுத்தாரு, வசனம் முருகதாஸ், அப்ப நெட்ல எவ்ளோ கிண்டல் ஓடுச்சுன்னு ஞாபகம் இருக்கும். டோனிக்கு குரல் பொருந்தலன்னாலும் டவுனியோட மூஞ்சி காப்பாத்திருச்சு, கண்ணு பேசும் புருவம் பேசும். டூமுக்கு அந்த வசதி கிடையாது, இரும்பு அசையாது, குரல் மட்டும்தான் நடிக்கணும். அதோட டூம் பேச்சுக்கு ஒரு பழக்கம் உண்டு, நான்னு சொல்றதுக்கு பதிலா தன் பேர தானே சொல்லுவான், டூம் மன்னிக்க மாட்டான், டூம் தோக்க மாட்டான்னு. இத தமிழ்ல அப்படியே போட்டா வடிவேலு காமெடி மாதிரி ஆயிடற ஆபத்து இருக்கு, ராஜா படத்து ஸ்டைல்ல யாம்னு போட்டா கூட நிக்கும்னு தோணுது, பழைய நாடகத்தனமான குரல் ஒண்ணு அடிவயித்துல இருந்து வரணும். எழுதறவர் யாருன்னு பாத்துட்டுத்தான் சொல்ல முடியும். நான் முதல் நாள் இங்கிலீஷ்ல பாத்துட்டு ரெண்டாவது தடவ தமிழ்ல போவேன், அவன் நான்ங்கறானா டூம்ங்கறானா யாம்ங்கறானான்னு கேக்கறதுக்கு மட்டும்.